பதினோரு சுற்றறிக்கைகளுக்கு ஓர் உரை

அந்தப் பேருந்துப் பணிமனையின் அறிவிப்புப் பலகையில் எந்தத் தாளையும் தூக்கிப் பார்க்காமல் போகக் கூடாது என்பது ஓட்டுநர் முதல் வண்டி கழுவுபவர் வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவர் மேலாளர் ஒருவர்தான். அவர் எழுதச் சொன்ன சுற்றறிக்கை முன்னால் தொங்கும். அதற்குப் பின்னால் அதே அளவு தாளில், அதே எழுத்தில், அதே "சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்" என்ற தொடக்கத்தோடு இன்னொன்று தொங்கும். முன்னால் இருப்பதன் எண் நாற்பத்தேழு என்றால் பின்னால் இருப்பது நாற்பத்தேழரை.

இரண்டையும் தட்டச்சு செய்தது ஒரே ஆள். இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சர். மேலாளர்கள் எட்டுப் பேர் வந்து போய்விட்டார்கள். பணிமனையில் அவளைச் சுற்றறிக்கை அக்கா என்றால்தான் தெரியும். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

அரை எண் சுற்றறிக்கைகள் திடீரென்று தொடங்கின. கேன்டீனில் தேநீர் குடிக்க ஏழு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இப்போதைய மேலாளர் ஒருநாள் சொல்ல, அதைத் தட்டி முடித்த கை நிற்கவில்லை. அடுத்த தாளையும் உருட்டிவிட்டது. "ஏழு நிமிடம் என்று அறிவித்த பின்னும் சிலர் தேநீரை ருசித்து வருவதாகத் தெரிகிறது. ருசித்தல் தனிப் பணி. அதற்கு முறையாக விடுப்பு எடுத்துக்கொள்ளவும்."

எதிர் மேசையில் தபால் பிரிவு எழுத்தர் இருந்தார். அக்காவைவிட ஏழு வயது மூத்தவர். பணிமனையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு காகிதத்துக்கும் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. பதினோரு வருடமாக இருவரும் ஒரே மேசையில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டவர்கள். அக்கா அந்தத் தாளை அவர் பக்கம் தள்ளினாள். அவர் படித்தார். சிரிப்பு வாயில் வரவில்லை, தோளில் வந்தது. தோள் இரண்டும் குலுங்கி அடங்கியதும் சொன்னார்:

"ஏம்மா, இது பலகைக்குப் போகணும்."

"விளையாடாதீங்கண்ணே. வேலை போயிடும்."

"முன்னால மாட்டினாத்தான் போகும். பின்னால மாட்டு. அந்த மனுஷன் என்னைக்கு எழுதினதைத் திரும்பிப் பார்த்தாரு?"

அப்படித்தான் ஆரம்பம்.

வீட்டில் இந்தத் திறமைக்கு மரியாதை இல்லை. அக்காவின் கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். ஒரு வார்த்தைக்கு ஒரு பொருள், ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்று வாழ்பவர். மூன்றாவது அரை எண்ணை அவரிடம் படித்துக் காட்டினாள். "பிரேக் பிடிக்காத வண்டிகள் பற்றிப் புகார்கள் வருகின்றன. அவ்வண்டிகள் புறப்படுவதில் இதுவரை எக்குறையும் இல்லை என்பதை நிர்வாகம் பெருமையுடன் சுட்டிக்காட்டுகிறது."

கணவர் யோசித்தார். "பிரேக் பிடிக்கலைன்னா ஆபத்தாச்சே. இதுல பெருமைப்பட என்ன இருக்கு?"

"அதாங்க விஷயம்."

"எது?"

அக்கா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவர் நல்ல மனிதர். மறுநாள் காலையில் கேட்டார், "அந்த வண்டிக்கு பிரேக் போட்டுட்டாங்களா?"

ஆகவே உலகத்தில் அவளுக்கு முழு வாசகர் ஒருவர்தான். ஓட்டுநர்கள் சிரிப்பார்கள்தான், ஆனால் அது தடியான இடங்களில். அரைச் சொல்லை மெல்ல வைத்த இடத்தில், ஒரு காற்புள்ளிக்குள் கத்தியை ஒளித்த இடத்தில் தோள் குலுங்குவது தபால் அண்ணனுக்கு மட்டும்தான்.

ஏழாவதைச் சொல்லாமல் போக முடியாது. பட்டறையில் வண்டி பழுது பார்க்கும் பிட்டர் ஒருவரின் வலது கையில் இரண்டு விரல்கள் இன்ஜின் விசிறிப் பட்டையில் சிக்கித் துண்டான வாரம் அது. அதே வாரம் மேலாளரின் பேனாவும் தொலைந்தது. மேலாளர் பேனாவுக்குச் சுற்றறிக்கை போட்டார். எல்லா அறைகளிலும் தேடச் சொன்னார். விரலுக்கு ஒரு வரியும் வரவில்லை. அன்று அக்கா தட்டச்சு செய்ததை எதிர் மேசைக்காரர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வாண்டு பணிமனை இழந்தவை: ஒரு பேருந்து. மூன்று கண்ணாடிகள். ஊழியர் ஒருவரின் இரண்டு விரல்கள்.  மேலாளரின் பேனா. பேனா தேடப்பட்டு வருகிறது."

அன்று பலகை முன்னால் யாரும் சிரிக்கவில்லை. பிட்டர் கட்டுப் போட்ட கையோடு வந்து, மற்ற கையால் தாளைத் தூக்கிப் படித்துவிட்டு, அக்காவின் மேசைக்கு வந்து நின்றார். ஒரு தேநீர் வாங்கி வைத்துவிட்டுப் போனார்.

தபால் அண்ணன் மட்டும் சொன்னார், "பேனாவுக்கு முன்னாடி ரெண்டு இடம் விட்டிருக்கே பாரு. கண்ணு அங்க தடுக்கி விழுது. எப்படிம்மா வருது உனக்கு?"

அந்த ஒரு கேள்விக்காக அக்கா இன்னும் நான்கு எழுதினாள்.

பதினொன்றாவதில்தான் சனி பிடித்தது. வண்டிகள் தாமதமாக வருவதாகப் புகார் குவிந்திருந்தது. தாமதிக்கும் ஓட்டுநர்கள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், தாமதத்தைத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்று மேலாளர் ஒரு பக்கத்துக்கு நீட்டி முழக்கினார். அக்கா அதைத் தட்டினாள். உடனே அரை எண்ணையும் தட்டினாள்: "பேருந்து குறித்த நேரத்துக்குப் பின் வந்தால் அது தாமதமாக வந்ததாகக் கொள்ளக் கூடாது. பயணிகள் முன்கூட்டியே வந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும். முன்கூட்டியே வரும் பயணிகளால் நிறுத்தங்களில் ஏற்படும் நெரிசலுக்கு நிர்வாகம் வருந்துகிறது." எண் போடும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. எடுத்துப் பேசிக்கொண்டே ஒரு தாளைக் கையெழுத்துக் கோப்பில் வைத்தாள், இன்னொன்றைப் பலகைக்கு எடுத்துப் போனாள். தாள் மாறிவிட்டது.

மேலாளர் வழக்கம்போலத் தாளின் கீழ் மூலையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டார். தபால் பிரிவு அதற்கு எண் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியது. ஒரு நகலைப் பலகையில் முன்னால் மாட்டியது. ஓட்டுநர்கள் அதைப் படித்துவிட்டு, "வர வர ஐயா அக்காவையே தூக்கிச் சாப்பிட்டுருவார் போல" என்றார்கள். பிறகு தாளைத் தூக்கி, பின்னால் தொங்கிய அசல் உத்தரவைப் படித்தார்கள். "தாமதத்தைத் தாமதமின்றித் தெரிவிக்கவும்" என்ற இடத்தில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார். "அக்கா இந்த வாட்டி உச்சத்துக்குப் போயிட்டாங்கடா!"

பத்தாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. புதுமையான அணுகுமுறையாம். எல்லாப் பணிமனைகளும் பின்பற்ற வேண்டுமாம். மேலாளர் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். எதற்குப் பாராட்டு என்று அவர் கேட்கவில்லை. பாராட்டைக் கேள்வி கேட்கிற வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. பதினைந்தாம் நாள் அந்தச் சுற்றறிக்கை நிறுத்தங்களில் ஒட்டப்பட்டது. பதினாறாம் நாள் செய்தித்தாளில் படத்தோடு வந்தது. ஊரே சிரித்தது. "சீக்கிரம் வந்துட்டேனாம்ல, மன்னிச்சுக்கோங்க" என்று பயணிகள் நடத்துநர்களிடம் கும்பிடு போட்டார்கள்.

அதன்பிறகுதான் மேலாளர் தன் சுற்றறிக்கையை முதல்முறையாகப் படித்தார். "இது நான் சொன்னதே இல்லை. எவனோ கேலிக்கு எழுதிக் கோப்புல சொருகிட்டான்" என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். விசாரணை அதிகாரி ஒருவர் வந்து இறங்கினார்.

பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் மேசை போட்டு அவரை உட்கார வைத்தார்கள். அக்காவைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. வேலை முடித்து மாலை வண்டியைப் பிடிக்க நினைக்கும் சாதாரண அலுவலர்.

"உட்காரும்மா. கேலி கேலிங்கிறாங்க. நானும் நாலு தடவை படிச்சிட்டேன். நல்ல நிர்வாக மொழி. எழுத்துப்பிழைகூட இல்லை. இதுல கேலி எங்க இருக்கு?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் அவரே ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"எனக்குப் புரியலைன்னதும் உங்க ஆபீஸ்ல ஒருத்தர் எழுதியே கொடுத்துட்டார். இது மாதிரி மொத்தம் பதினொண்ணு இருக்காம். அத்தனைக்கும் நகல், கூடவே விளக்கம். பேரை மறைச்சிருக்கேன். பக்கத்துல உட்கார்ந்து ஒரு மணி நேரம் படிங்க. சரின்னா சரின்னு எழுதிக் கொடுங்க. தப்புன்னா தப்புன்னு எழுதிக் கொடுங்க. சரின்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். வேலை நீக்கம். கணவரின் பூட்டுக்கடை வாடகைக்கே வாய் பிளக்கும். அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்.

முப்பத்தெட்டுப் பக்கம். முதலில் நகல்கள். மடிப்பு இல்லை, கறை இல்லை, தேதி வரிசையில் இருந்தன. பலகையிலிருந்து கிழித்தவை அல்ல. மாட்டுவதற்கு முன்பே எடுத்து யாரோ பத்திரமாக இழுப்பறையில் வைத்தவை. வேறு யாராவது இருக்கட்டும், கேன்டீன்காரராகவோ மேலாளரின் ஓட்டுநராகவோ இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பக்கம் புரட்டினாள்.

கட்டம் போட்ட தாளில் நான்கு பத்தி. வரி, மேலோட்டமான பொருள், உண்மைப் பொருள், கையாண்ட உத்தி.

தேநீருக்கு: "அதிகாரியின் நடையை அப்படியே போலச்செய்து, அவர் நின்ற இடத்திலிருந்து ஒரே ஓரடி கூடுதலாக நடத்தல். இரண்டடி நடந்திருந்தால் வெறும் கோமாளித்தனம்." பிரேக்குக்கு: "வஞ்சப்புகழ்ச்சி. குற்றத்தைச் சொல்லாமல், குற்றத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒன்றைப் புகழ்தல்." பயணிகளுக்கு: "தலைகீழாக்கல். பழியைத் தூக்கிப் பாதிக்கப்பட்டவர் தலையில் வைத்துவிட்டு, கடைசி வரியில் வருத்தமும் தெரிவித்தல். வருத்தம்தான் உச்சம்."

அக்கா படிக்கப் படிக்கப் பயத்தையே மறந்தாள். வெட்கக்கேடு, ஆனால் உண்மை. தான் யோசித்து வைத்ததெல்லாம் அங்கே இருந்தது. யோசிக்காமல் கை வைத்ததும் இருந்தது. அடடா, இதனால்தான் அந்த வரி நன்றாக வந்ததா என்று இரண்டு இடத்தில் அவளே கற்றுக்கொண்டாள். இப்படி யாரும் தன்னைப் படித்ததில்லை என்று நெஞ்சு விம்மிய அதே நொடியில், இப்படிப் படிக்கக்கூடியவர் ஒருவர்தான் என்பதும் தெரிந்துபோனது.

ஏழாவது: "பெரியதையும் சிறியதையும் ஒரே வரிசையில் நிறுத்தல். 'பேனா'வுக்கு முன் இரண்டு இடம் விடப்பட்டுள்ளதைக் கவனிக்க. கண் அங்கே தடுக்கி விழும்."

அக்கா தாளைக் கவிழ்த்து வைத்தாள். சன்னல் வழியே பட்டறையில் யாரோ டயரைச் சம்மட்டியால் அடிக்கும் ஓசை கேட்டது. இனி வேண்டுதலுக்கு வேலையில்லை. மீண்டும் எடுத்தாள்.

ஒன்பதாவதில் அவளே எழுதி, அவளே மறந்துவிட நினைத்த ஒன்று இருந்தது. மேலாளர் அறையில் மணி அடித்தால் உதவியாளர் மட்டும் வந்தால் போதும் என்ற உத்தரவுக்குப் பின்னால் மாட்டியது. "அலுவலகத்தில் ஒருவர் ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு மணிக்கும் எழுந்து நின்று, தன்னை அழைக்கவில்லை என்றறிந்து உட்காருகிறார். இது உடலுக்கு ஓரளவு நல்லது." கண்காணிப்பாளர் பதவிக்காகத் தபால் அண்ணன் காத்திருந்த காத்திருப்பு அது. எழுதும்போது கை தடுக்கத்தான் செய்தது. வரி நன்றாக வந்துவிட்டதால் விடவில்லை. அன்று அவர் படித்துவிட்டு, "யாரும்மா அது?" என்று கேட்டார். "யாரோ ஒருத்தர்ணே" என்றாள். தோள் குலுங்கியது. அவருக்குப் புரியவில்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

நான்காம் பத்தியில் எழுதியிருந்தது: "இது உரை எழுதுபவனைக் குறிக்கிறது. உத்தி: குறைத்துச் சொல்லல். ஆண்டுகள் ஒன்பது அல்ல, பதினொன்று."

ஒரு மணி நேரம் முடிந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, விளக்கம் சரியா?"

"தப்பு சார்."

"எது தப்பு?"

"எல்லாம். நான் நேராத்தான் எழுதினேன். மேலாளருக்கு வேலை அதிகம். கூடமாட உதவியா இருக்கட்டும்னு வரைவு எழுதி வச்சேன். இவர் எதைப் பார்த்தாலும் சிரிக்கிற ஆளு போல."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. கேலி என்று ஆனால், பாராட்டுக் கடிதம் எழுதிய தலைமை அலுவலகம் ஏமாந்ததாக ஆகும். அப்படி ஒரு அறிக்கையோடு திரும்பிப் போக அவருக்கும் ஆசை இல்லை. இருந்தாலும் கடமைக்கு ஒன்று கேட்டார்.

"இந்த விரலையும் பேனாவையும் சேர்த்து எழுதியிருக்கீங்களே?"

"இழந்ததை எல்லாம் பட்டியல் போட்டேன் சார். அதுல பேனாவும் இருந்துச்சு."

"அதானே!" என்று எழுதிக்கொண்டார். வரிக்கு வரி நேர்ப்பொருளே, உட்பொருள் ஏதுமில்லை என்ற வாக்குமூலத்தில் அக்கா கையெழுத்திட்டாள். அவர் தன் வண்டியைப் பிடிக்கப் போனார். அது முக்கால் மணி நேரம் கழித்து வந்தது.

பணிமனையில் எந்த ரகசியமும் ஒரு வேளைச் சோற்றைத் தாண்டுவதில்லை. மறுநாள் பிட்டர் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அப்போ என் விரலும் அந்தாளு பேனாவும் ஒண்ணுதானாக்கா?"

"இல்லப்பா, வேலைக்காக…"

"புரியுது, புரியுது. சும்மா கேட்டேன்." மிச்சமிருந்த மூன்று விரலால் டம்ளரை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. நேர்மையான சுற்றறிக்கைகளுக்கு இல்லாத பொருள் கற்பித்து நிர்வாகத்தின் நேரத்தை வீணாக்கியதற்காகத் தபால் பிரிவு எழுத்தர் வேறு பணிமனைக்கு மாற்றப்படுகிறார். கண்காணிப்பாளர் பதவி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் வேலையைத் தற்காலிகமாகத் தட்டச்சரே சேர்த்துப் பார்க்க வேண்டும். உத்தரவைத் தட்டச்சு செய்தது அக்கா, எண் போட்டது தபால் அண்ணனேதான்.

கடைசி நாள் பொறுப்பை ஒப்படைக்க உட்கார்ந்தார்கள். பதிவேடு நான்கு, முத்திரை ஆறு, மைப்பெட்டி ஒன்று. விசாரணைக்குப் பிறகு இருவரும் தனித்தனியே சாப்பிட்டார்கள். பேச்சும் இல்லை. அக்காவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"மாறின தாள் கையெழுத்தாகி உங்க கைக்குத்தானே வந்துச்சு. அப்பவே தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சது."

"ஏன் நிறுத்தல?"

அவர் முத்திரைகளை ஒழுங்காக அடுக்கினார். "கையெழுத்தோட பார்த்தப்போ… என்ன சொல்றது, அழகா இருந்துச்சும்மா. போகட்டும்னு விட்டுட்டேன்."

"அப்புறம் காட்டிக் கொடுத்தீங்க."

"கூப்பிட்டு மிரட்டினாங்க. தெரிஞ்சே அனுப்பினியான்னாங்க. விளக்கிச் சொன்னா உன்னை விட்டுடறோம், பதவியும் பார்த்துக்கலாம்னாங்க. ரெண்டு வரி கிறுக்கிக் கொடுத்துட்டு வந்துடலாம்னுதான் உட்கார்ந்தேன்."

"ரெண்டு வரியா? முப்பத்தெட்டுப் பக்கம்ணே!"

"உட்கார்ந்த பிறகு நிறுத்த முடியல." தலை நிமிரவில்லை. "மணி அடிச்சா எந்திரிக்கிறதைப் பதினோரு வருஷமா நீ பார்த்துட்டுத்தான் இருந்திருக்கே. நானும் ஒண்ணும் சொல்லல."

அக்கா மைப்பெட்டியை மூடினாள். அவர் கேட்டார்:

"ஒண்ணு மட்டும் சொல்லு. அங்க கையெழுத்துப் போட்டதை விடு. நெசமா, எங்கயாவது தப்பா எழுதியிருக்கேனா?"

எல்லாமே தப்பு என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. அவரைக் கொல்ல அது ஒன்றே போதும்.

"ஒரு இடத்துலகூட இல்ல" என்றாள்.

அவர் முகத்தில் ஓடி மறைந்த அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. டப்பாப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்போ… வரட்டுமாம்மா?"

போயிட்டு வாங்க என்பதுதான் வாயில் வளர்ந்த வழக்கம். எதிரிக்கும் அதைத்தான் சொல்வார்கள்.

"போங்க" என்றாள் அக்கா.

அவர் சற்று நின்றார். பிறகு போனார். அக்கா ஒப்படைப்புப் பட்டியலை இழுத்து, பதிவேடுகளையும் முத்திரைகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். கடைசிக் கட்டத்தில் எழுதினாள்: "பெற்றுக்கொண்டேன். எதுவும் குறையவில்லை."